பீநாறிச்சங்குக்கு முதல் ரேங்க்

நாற்றம் எனக்குப் புதிதில்லை. கருவாடு காயும் கொட்டகையை ஒட்டிய வீட்டில் வளர்ந்தவன் நான். துறைமுகச் சாலையில் மீன்தூள் லாரிக்குப் பின்னால் பைக்கை ஓட்டிக்கொண்டே வாழைப்பழம் தின்றிருக்கிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம். அப்பேர்ப்பட்ட என்னை ஒரு செடி வாஷ்பேசின் முன்னால் குனிந்து நிற்க வைத்துவிட்டது. இத்தனைக்கும் அது என்னைத் தேடி வரவில்லை. நானாகத்தான் போய்ப் பறித்து, கொதிக்க வைத்து, வடிகட்டி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு குடித்தேன்.

கல்லூரி ஒன்றில் நான் ஆய்வக உதவியாளர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து இயற்பியல் ஆய்வகத்திலேயே காலம் போனது. ஊசல், லென்ஸ், காந்தம் எல்லாம் சுத்தமான சாமான்கள், அழுகாது, நாறாது. ஒருநாள் ஆள் பற்றவில்லை என்று என்னைத் தாவரவியல் துறைக்கு மாற்றினார்கள். அங்கே புன்னைக்காயலிலிருந்து வந்து போகும் ஓர் ஆராய்ச்சி மாணவி. நம் பக்கத்து மூலிகைகளில் உடம்பின் செல்களைக் காக்கும் சத்து உண்டா, புற்றுநோய்ச் செல்களைக் கொல்லும் சத்து உண்டா என்று சோதிப்பதுதான் அந்தப் பிள்ளையின் ஆராய்ச்சி. உடன்குடித் தேரியின் செம்மணலிலிருந்து சில செடிகள் வரும். உப்பளத்து வரப்பிலிருந்து உமரி வரும். கழிமுகத்துச் சேற்றுக் கரையிலிருந்து பீநாறிச்சங்கு வரும். கட்டுரையில் அதற்கு மரியாதையாக ஒரு லத்தீன் பெயர் போட்டிருந்தார்கள். இலையைக் கசக்கி மோந்து பார்த்தால் எந்தப் பெயர் பொருத்தம் என்று தெரிந்துவிடும்.

இலைகளை நிழலில் உலர்த்தி மிக்சியில் பொடிப்பது என் வேலை. பொடியை மெத்தனாலில் ஊறவைத்து வடித்து வற்றவிட்டால், தாருக்கும் சளிக்கும் நடுவில் ஒரு பசை மிஞ்சும். அதைத்தான் சாறு என்பார்கள். சாற்றில் ஒரு சொட்டை ஊதாத் திரவத்தில் விட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு காக்கும் சத்து. இந்தச் சோதனையை எங்கள் ஆய்வகத்திலேயே செய்வோம். செல்களைக் கொல்கிற சோதனைக்கு இங்கே வசதி கிடையாது. சாற்றைக் குப்பியில் அடைத்து வெளியூருக்கு அனுப்புவோம். அங்கே பிளாஸ்டிக் தட்டில் புற்றுநோய்ச் செல்லை வளர்க்கிறார்களாம். அதன்மேல் ஊற்றிப் பார்த்து எண்களை அனுப்புவார்கள்.

சும்மா இருப்பது என் ஜாதகத்தில் இல்லை. ஒருநாள் கேன்டீன் டீயை ஒரு குப்பியில் ஊற்றி, சாறுகளோடு சாறாக வைத்துவிட்டேன். ஊதா பட்டென்று மஞ்சளானது. அந்தப் பிள்ளை குப்பியைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது.

"அண்ணாச்சி, இது எந்தச் செடி? இவ்வளவு வேகமா எதுவுமே வெளுத்ததில்லையே! எங்கன பறிச்சிய?"

"கேன்டீன்ல பறிச்சதும்மா. இஞ்சி தட்டிப் போட்டது."

ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கென்ன, சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

அந்தச் சிரிப்பு அடங்கி ஒரு வாரம் இருக்கும். சாயங்காலம் பொரிச்ச புரோட்டாவைப் பிய்த்துச் சால்னாவில் தோய்த்து வாயில் வைத்தேன். இடது கன்னத்தின் உள்பக்கம் தீ வைத்ததுபோல் எரிந்தது. நாக்கால் துழாவினேன். வழவழவென்று இருக்க வேண்டிய இடத்தில் பழைய சுண்ணாம்புச் சுவர்போல் ஒரு சொரசொரப்பு. இடது கன்னம் என்பது என் பாக்கின் நிரந்தர முகவரி. புகையிலை சேர்த்த பாக்கு காலையில் உள்ளே போனால் மத்தியானச் சோற்றுக்குத்தான் வெளியே வரும். அந்த இடத்தில் சொரசொரப்பு என்றால் என்ன அர்த்தம் என்று சினிமாத் தியேட்டரில் படம் போடுமுன்பே காட்டிவிடுகிறார்கள். நான் அந்த நேரத்தில் முறுக்கு வாங்கப் போயிருப்பேன்.

புரோட்டாவை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வீடு போய்ச் சேருவதற்குள் எனக்குக் கேன்சர் வந்து, முற்றி, நான் செத்தும் போயிருந்தேன். தெருமுனையில் ஒட்டப்போகும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டருக்குப் படம்தான் முடிவாகவில்லை. கொழுந்தியாள் கல்யாணத்தில் எடுத்த படத்தில் மீசை நன்றாக இருக்கும், ஆனால் பக்கத்தில் நிற்கும் சகலையின் தோள் தெரியும். சாவிலும் அவன் தோளோடு நிற்க வேண்டுமா என்று ஆத்திரம் வந்தது.

புத்தியுள்ளவன் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போவான். நான் ஆய்வகத்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் வாயைத் திறந்தால் கத்தியை எடுப்பார்கள். ஆய்வகத்தில் மருந்தே அலமாரியில் இருக்கிறது, இல்லையா? அதுவும் வெளியூரிலிருந்து எண்கள் வந்து, ஒரு கருத்தரங்குக்காக அவற்றைப் பட்டை பட்டையாக வரைந்து, அந்தப் பிள்ளை கதவில் ஒட்டியிருந்த நேரம். மேலே 'ஆன்டி கேன்சர்' என்று கொட்டை எழுத்து. கீழே ஒவ்வொரு செடிக்கும் ஒரு பட்டை. எல்லாம் குட்டையும் நெட்டையுமாக நிற்க, ஒரு பட்டை மட்டும் அனல்மின் நிலையப் புகைபோக்கிபோல் எல்லாவற்றையும் தாண்டி நின்றது. அடியில் இருந்த பெயரைப் படித்தேன். பீநாறிச்சங்கு.

எனக்கு மெய்சிலிர்த்தது. நாறுகிற செடிக்குள் இப்படி ஒரு வைரமா! கசக்கிறதுதானே மருந்து, நாறுகிறதுதானே வீரியம் என்று மனசு தத்துவம் பேசியது. அலமாரியில் இருந்த பசையில் மெத்தனால் கலந்திருக்கும், குடித்தால் கேன்சர் வருமுன் கண் போய்விடும் என்கிற அளவுக்குப் பயத்திலும் அறிவு வேலை செய்தது. ஆகவே சாயங்காலம் சேற்றுக் கரைக்குப் போய் ஒரு சாக்குப்பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தேன்.

முதல் நாள் கஷாயத்தைப் பற்றி என்ன சொல்ல? பாத்திரம் கொதிக்கத் தொடங்கியதும் சுவரில் இருந்த பல்லி இடம் மாறிவிட்டது. நிறம், கழுவாத மீன்தொட்டியின் பச்சை. மேலே நுரை. நுரைக்கு மேலே எண்ணெய்போல் ஒரு படலம், தொட்டால் நூலாக இழுத்தது. முதல் மடக்கில் நாக்கு தொண்டைக்குள் சுருண்டுகொண்டது. கசப்பை நான் பொறுப்பேன், பாகற்காய்க்குப் பயந்தவனல்ல. ஆனால் இது கசப்போடு நிற்கவில்லை. விழுங்கிய பிறகு, அடித்தொண்டையிலிருந்து இன்னொரு ருசி நிதானமாக ஏறி வந்தது. ஈரத்துணியை வாளியில் மறந்துவிட்டு ஊருக்குப் போய்த் திரும்பியதுபோல ஒரு ருசி. குமட்டலை அடக்கி மீதியையும் விழுங்கினேன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஏப்பமும் ஒரு தண்டனை. மேலதிகாரியோடு பேசிக்கொண்டிருக்கும்போது ஓர் ஏப்பம் தப்பிவிட்டது. அவர் ஜன்னலைத் திறந்து, வெளியே ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். நானும் கூடவே எட்டிப் பார்த்தேன்.

வீட்டில் இன்னும் மோசம். மனைவியிடம் சர்க்கரைக்கு மருந்து என்று சொல்லி வைத்திருந்தேன்.

"அடுப்படியில எலி எதும் செத்துக் கெடக்கான்னு பாருங்க" என்றாள்.

"எலி இல்லளா. மூலிகை."

"மூலிகையா? எந்த மூதி சொன்னான் இதைக் குடின்னு? சுகர் எறங்குதோ இல்லியோ, பக்கத்து வீட்டுக்காரி காலி பண்ணிட்டுப் போயிருவா."

அந்தப் பாத்திரத்தை அவள் கொல்லைக்குத் தள்ளி வைத்தாள். பிறகு என்னையும் வாசல் அறைக்குத் தள்ளி வைத்தாள்.

நாளாக ஆக வயிறு பிய்த்துக்கொண்டு போனது. காலையில் குடித்தால் பத்து மணிக்குள் எத்தனை தடவை என்று எண்ணுவதை நானே விட்டுவிட்டேன். இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. பெல்ட்டில் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டேன். கன்னம் ஒட்டியது. ஊர் இனிப்பென்று பேர்பெற்ற மக்ரூன்கூட வாயில் வெறும் நுரையாகக் கரைந்தது. காரணம் இல்லாமல் எடை குறைந்தால் கேன்சருக்கு அறிகுறி என்று எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. அடடா, முற்றிவிட்டதே! உடனே கஷாயத்தை இரண்டு வேளையாக்கினேன். வயிறு இன்னும் கழன்றது. எடை இன்னும் இறங்கியது. பார்த்தாயா, எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று மூன்றாவது வேளையும் சேர்த்தேன். காரணம் தம்ளரில் நுரைத்துக்கொண்டிருந்தது. நான் அதைக் குடித்துக்கொண்டே காரணம் இல்லையே என்று கண்கலங்கினேன். இப்படி ஒரு கோட்டிக்காரனை எந்த ஆய்வகத்திலும் வளர்த்தெடுக்க முடியாது.

ஒரு மாதம் நெருங்கும்போது அந்தப் பிள்ளைதான் கேட்டது. சேற்றுக் கரைக்கு மாதிரி பறிக்கப் போயிருக்கிறது. அங்கே செடிகள் மொட்டையாக நின்றிருக்கின்றன.

"அண்ணாச்சி, யாரோ ஆடு விட்டு மேச்சிருக்காவ போல. பீநாறிச்சங்க ஒண்ணு விடாம உருவிட்டாவ. ஆடு அதைத் திங்காதே?"

"ஆடு திங்காதும்மா" என்றேன். "நான்தான்."

சிரித்தது. வழக்கமான நையாண்டி என்று நினைத்துவிட்டது. நான் சிரிக்காமல் நின்றதும் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தது. புது ஓட்டை போட்ட பெல்ட்டைப் பார்த்தது.

"எதுக்கு அதைக் குடிக்கிய?"

கதவில் இருந்த பட்டைகளைக் காட்டினேன். "அதான் முதல் ரேங்க் வாங்கியிருக்கே. நீதானே ஒட்டி வச்சிருக்க?"

அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. "மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தது. "அண்ணாச்சி, அது மார்க் இல்ல. பாதி செல்லைச் சாவடிக்க எவ்வளவு சாறு வேணுங்கற கணக்கு. கொஞ்சமா ஊத்துனாலே செத்தா நல்ல சாறு, பட்டை குட்டையா இருக்கும். நெட்டையா நின்னா வண்டி வண்டியா ஊத்துனாத்தான் சாவும்னு அர்த்தம். பீநாறிச்சங்குதான் எல்லாத்துலயும் கடேசி!"

பரீட்சையில் பெரிய எண் வாங்கினவனைத்தான் நாம் தட்டிக்கொடுத்துப் பழகியிருக்கிறோம். சின்ன எண் ஜெயிக்கிற விளையாட்டு ஒன்று உண்டென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் நான் குடலைக் கழற்றிக் குடித்தது, வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரனை. அதிலும் நான் யோசித்தது என்ன தெரியுமா? குட்டைப் பட்டை எது என்று குனிந்து தேடினேன்.

"அப்ப இது நல்லதா? உமரிக்குப் பக்கத்துல உள்ளது?"

"எதுவுமே குடிக்காதிய! அது தட்டுல இருக்குற செல்லு, அண்ணாச்சி. அதுமேல பினாயில ஊத்துனாலும் சாவும், உப்புத் தண்ணிய ஊத்துனாலும் சாவும். நல்ல செல்லும் சேந்துதான் சாவும். நீங்க வச்ச டீகூடத்தான் ஊதாவ மஞ்சளாக்குச்சு. டீ குடிச்சு யாருக்குச் சீக்கு போச்சு? இதுல எதாவது தேறும், இன்னும் எத்தனையோ வருசம் வேலை கெடக்கு." மூச்சு வாங்கியது. பிறகு குரலைத் தாழ்த்தி, "உங்களுக்கு என்ன செய்யுது?" என்றது.

வாயைத் திறந்து காட்டினேன். செல்போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்த பிள்ளை பின்னால் நகர்ந்து மேசையில் இடித்துக்கொண்டது. வாயின் நாற்றமா, வாய்க்குள் இருந்ததா, எது தள்ளியது என்று நான் கேட்கவில்லை. கேன்சர், கேன்சர் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற பிள்ளை. ஒரு மனுஷன் வாய்க்குள் எட்டிப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று முகமே சொன்னது.

"வெள்ளையா இருக்கு" என்றது. "எனக்கு இதப் பாத்துச் சொல்லத் தெரியாது அண்ணாச்சி. நீங்க போங்க. இப்பவே போங்க. மைனிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதியளா?"

நானே சொன்னேன். மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கொல்லையில் கிடந்த அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தெருமுனைக் குப்பைத்தொட்டிவரை நடந்து போய்ப் போட்டுவிட்டு வந்து, புடவை மாற்றினாள். "கெளம்புங்க" என்றாள்.

அரசு மருத்துவமனையில் பல் பிரிவு. டாக்டரம்மாவுக்கு என் மகள் வயது இருக்கலாம். கண்ணாடியை வாய்க்குள் விட்டவர், முகக்கவசத்துக்கு மேல் புருவத்தைச் சுருக்கினார்.

"வாயெல்லாம் ஏன் சார் பச்சையா கறை படிஞ்சிருக்கு? என்ன குடிச்சீங்க?"

சொன்னேன். பக்கத்தில் நின்ற பயிற்சி மாணவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார். வரிசையாக வந்து குனிந்தார்கள். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பஞ்சால் துடைத்துத் துடைத்து, கறைக்கு அடியில் இருந்த வெள்ளைப் படையைக் கண்டுபிடித்தார்கள்.

"எடை குறைஞ்சிட்டுது டாக்டர். காரணமே இல்லாம."

"பேதி உண்டா?"

"தினமும்."

"எப்பலேருந்து?"

மனைவி சொன்னாள். "எலி செத்த நாள்லேருந்து."

மரத்துப்போக ஊசி போட்டு, படையில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார்கள். ரத்தமும் எச்சிலும் ரப்பர் கையுறையின் ருசியும் கலந்து வாயில் நின்றன. இதற்குப் பயந்துதானா ஒரு மாதம் அந்தச் சாக்கடையைக் குடித்தேன் என்று என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. ஊசி வலித்தது ஒரு நொடி. கஷாயத்தின் ஏப்பம் அதற்கப்புறமும் ஒரு வாரம் வந்தது.

முடிவு சொல்ல வரச் சொன்ன நாளில் நான் ஆஸ்பத்திரி வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி சட்டைக்கையைப் பிடித்து அழைத்துப் போனாள். டாக்டரம்மா தாளைப் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேன்சர் இல்ல. ஆனா செல் சேட்டை பண்ண ஆரம்பிச்சிருக்கு. இப்படியே விட்டா ஆகலாம். படையை வெட்டி எடுத்துருவோம். பாக்கை விட்டுரணும். காலத்துக்கும் அப்பப்ப வந்து வாயக் காட்டணும். இன்னும் கொஞ்ச மாசம் கஷாயம் குடிச்சிட்டு வந்திருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்."

வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். பெஞ்சின் அந்த ஓரத்தில் ஒருவர். துறைமுகத்தில் லோடு ஏற்றுகிறவர் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. துண்டால் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"என்ன சொல்லுதாவ, அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இன்னும் வரலையாம். வரலாமாம்."

"குடுத்து வச்சவிய. எனக்கு வெட்டணும்ங்காவ. நான் மாட்டேன்னுட்டேன். ஒருத்தரு தண்ணி தாராரு. மலை மூலிகை. ரெண்டு மாசமாக் குடிக்கேன்." மடியிலிருந்து ஒரு குளிர்பான பாட்டிலை எடுத்தார். உள்ளே பச்சையாக ஏதோ. மூடியைத் திருகியதும் வராந்தா முழுக்க வீசியது. பீநாறிச்சங்கு இல்லை, வேறு ஏதோ. ஆனால் அந்த ரகத்தை ஒரு மாதம் குடித்தவன் நான்.

"டோக்கன் போட்டாச்சா, அண்ணே?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. சும்மா இந்தப் பக்கம் வந்தேன். அப்படியே ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு."

அவரிடம் அறிவுரை எடுபடாது. எனக்கே எடுபட்டிருக்காது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நெட்டைப் பட்டையை முதல் ரேங்க் என்று நம்பியதிலிருந்து, எடை குறையக் குறைய வேளையைக் கூட்டியது, அதிகாரியோடு சேர்ந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தது வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முதலில் முறைத்தார். ஜன்னலுக்கு வந்ததும் சிரித்துவிட்டார். தோள் குலுங்கச் சிரித்தார். சிரித்த வேகத்தில் துண்டு அவிழ்ந்து விழுந்தது.

கன்னத்தில் ஓர் ஓட்டை. அதன் வழியே பல் தெரிந்தது. ஓரத்தில் சீழ் வடிந்து காய்ந்திருந்தது. அந்த வாடை பாட்டிலின் வாடையையும் தாண்டி வந்து மோதியது. கையால் வாயை அழுத்திக்கொண்டேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். அவசரமாகத் துண்டைத் தேடினார். அவர் கண்ணைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கீழே கிடந்த துண்டை எடுத்து உதறி நானே கட்டிவிட்டேன். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கட்டினேன். அதில் பொய் சொல்ல ஒன்றுமில்லை.

"அண்ணாச்சி, வயித்தால போவுதா?" என்றேன்.

"போவுதே. தெனமும் போவுது. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பேரு சொல்லுங்க. டோக்கன் போட்டுட்டு வாரேன்."

"வெட்டுவாவளே."

"ஆமா, வெட்டுவாவ. எனக்கும் வெட்டுதாவ."

துண்டின் முடிச்சை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு பெயரைச் சொன்னார், அப்பா பெயரோடு. மனைவியை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு நான் வரிசையில் போய் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது அவர் அங்கேதான் இருந்தார். பாட்டிலை மூடி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதைக் கொடுங்கள், கொட்டிவிடுகிறேன் என்று மனைவி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அவர் இன்னும் கொடுக்கவில்லை.